புல்லிலையில் ஒரு சுரங்கம்

முன்னுரை

‘புல்’ என்னும் சொல்லைத் தமிழர் இகழ்ச்சிக்கும் ஆண்டனர். அறிவு குறைந்தவனைப் புல்லறிவாளன் என்றனர். கீழ்மையைப் புன்மை என்றனர். ஆயினும் நாம் நாள்தோறும் உண்ணும் சோறு ஒரு புல்லின் விதையே. நெல் மட்டுமன்று, கோதுமை, கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகிய அனைத்தும் புல்லினத்தைச் சேர்ந்தவை. கரும்பும் புல், மூங்கிலும் புல். இக்குடும்பத்தில் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. மனித குலம் உண்ணும் உணவில் பெரும்பங்கை இக்குடும்பமே தருகின்றது.

புல்லை முறையாகப் பகுத்துப் பார்த்த பெருமை நம் மொழிக்கு உண்டு. புறத்தே வயிரம் உடையவை புல் என்றும், அகத்தே வயிரம் உடையவை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். அப்பகுப்பின்படி பனையும் தெங்கும் கூடப் புல்லே. புல்லின் உறுப்புகளுக்குத் தோடு, மடல், ஓலை, ஏடு எனத் தனிப்பெயர்களையும் அவர் தொகுத்துரைத்தார். பாலைநிலம் சூழ்ந்த அரபு நாட்டைப் பாட வந்த உமறுப் புலவரும், சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மருதநிலத்து வயலையும் உழவையும் பாடாமல் அமையவில்லை. நெல் அத்துணை ஆழமாக நம் நெஞ்சில் வேரூன்றியது.

அந்நெல்லின் இலைக்குள்ளே, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே, சுரங்கம் அகழ்ந்து வாழும் சிறு புழுக்கள் உள்ளன. அவற்றை இனங்காணும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவர் கொணர்ந்த இலை

இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. நம் மாணவர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில், செய்தித்தாளில் சுற்றிய நெல்லிலைகள் சிலவற்றை நம்மிடம் கொணர்ந்தார். இலைகளின் நுனிப்பகுதியில் வெளிறிய திட்டுகள் காணப்பட்டன.

“ஐயா, எங்கள் வயலில் பாதி இப்படி ஆகிவிட்டது. மருந்துக் கடையில் காட்டினோம். இலைச்சுருட்டுப் புழு என்று சொல்லி ஒரு புட்டி கொடுத்திருக்கிறார்கள். அத்தா நாளைக்கே தெளிக்க வேண்டும் என்கிறார்கள்” என்றார்.

“இலை எங்கேயாவது சுருண்டிருந்ததா, தம்பி?” என்று வினவினோம்.

சற்றுச் சிந்தித்து, “இல்லை ஐயா, எல்லாம் விரிந்தே இருந்தன” என்றார்.

அவ்விலைகளுள் ஒன்றைச் சாளரத்தின் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். வெளிறிய திட்டுக்குள்ளே தட்டையான ஓர் உருவம் மெல்ல அசைந்தது. அது இலையின்மேல் இல்லை, இலைக்குள் இருந்தது. கடைக்காரர் இலையைப் பார்த்தார், இலைக்குள் பார்க்கவில்லை. பிழை அங்கே தொடங்கிற்று.

சுரங்கம் என்பது யாது?

இலை, கண்ணுக்கு ஒற்றைத் தாள்போல் தோன்றினும், பல அடுக்குகளால் ஆனது. மேலும் கீழும் மெல்லிய புறத்தோல்கள் உள்ளன. அவற்றிடையே பச்சையம் நிறைந்த சதை உள்ளது. சுரங்கப் புழு இவ்விரு தோல்களையும் பெரும்பாலும் சிதைப்பதில்லை. இடையிலுள்ள பச்சைச் சதையை மட்டும் தின்றுகொண்டே முன்னேறும். தின்ற இடம் வெறுமையாகி வெளிறித் தோன்றும். இவ்வெற்றிடமே சுரங்கம் எனப்படும். தக்காளி, தட்டைப்பயறு ஆகியவற்றின் இலைகளில் வெண்ணிறப் பாம்பு நெளிந்தாற்போன்ற கோடுகளை நம்மில் பலர் கண்டிருப்போம். அவையும் சுரங்கங்களே.

இவ்வாழ்க்கையால் புழுவுக்குக் கிடைக்கும் பயன்கள் பல. உண்ணும் இடமே உறையுள் ஆகின்றது. வெயிலும் காற்றும் உடலை உலர்த்துவதில்லை. பறவையின் கண்ணுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. இதற்கு அது கொடுக்கும் விலை, இடநெருக்கடி. ஆதலின் சுரங்கப் புழுக்கள் பலவும் தட்டையான உடலும் குறுகிய கால்களும் உடையனவாகவோ, கால்களே இல்லாதனவாகவோ அமைந்துள்ளன.

சுரங்கப் பூச்சிகளை ஆராய்வது அறிவியலில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. நீதாம், பிராஸ்ட், டோட்ஹில் ஆகிய மூவரும் இணைந்து எழுதிய ஆங்கில நூல் 1928ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெரிங் (1893–1967) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்துறைக்கே ஈந்தார். அவர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஐரோப்பியத் தாவரங்களில் காணும் சுரங்கங்களை இனங்காண உதவும் பெருங்கையேடாகும். புழுவைக் காணாமலே, அது விட்டுச்சென்ற சுரங்கத்தின் வடிவைக் கொண்டு பல இனங்களைச் சுட்டலாம் என்பது இவ்வறிஞர்களின் உழைப்பால் தெளிவாயிற்று.

புல்லிலையின் தனித்தன்மை

அகன்ற இலைகளில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். அங்கே சுரங்கம் நெளியும், வளையும், சுழலும். வடிவைக் கொண்டே பூச்சியின் பெயரைச் சொல்லிவிட இயலும். புல்லிலையில் நரம்புகள் இணைகோடுகளாக நீள்கின்றன. புழு அவற்றின் போக்கையே பெரிதும் பின்பற்ற நேர்வதால், பல்வேறு இனங்களின் சுரங்கங்கள் ஒன்றுபோலவே நீண்டு அமைகின்றன. எனவே புல்லைப் பொறுத்தவரை வடிவம் ஒன்றே போதிய சான்றாகாது. சுரங்கத்தின் உள்ளிருக்கும் புழுவையும், அது விட்ட எச்சத்தையும், கூட்டுப்புழு அமைந்த இடத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

மூவகைப் புழுக்கள்

பொதுவாக இலைச் சுரங்கம் அகழ்வன ஈ, அந்துப்பூச்சி, வண்டு, இரம்பக் குளவி ஆகிய நால்வகைப் பூச்சிகளின் புழுக்களாம். புல்லிலையில் பெரும்பாலும் முதல் மூன்றையே காண்கின்றோம். அவற்றைப் பிரித்தறியும் முறை கடினமன்று. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்சும், ஓர் ஊசியும், வெள்ளைத்தாளும் போதும். ஊசிமுனையால் சுரங்கத்தின் மேல்தோலை மெல்லக் கிழித்துப் புழுவைத் தாளின்மேல் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தலையைத் தேடுக. தலை எனத் தனியே ஒன்றும் தோன்றாமல், முன்முனையில் கறுத்த சிறு கொக்கிகள் மட்டும் தெரிந்து, கால்களும் இல்லையாயின் அது ஈயின் புழு. அக்கொக்கிகளால் இலைச்சதையைச் சுரண்டி உண்பது அதன் இயல்பு.

பழுப்பு நிறத் தலை தெளிவாகத் தெரிந்தால் அடுத்துக் கால்களை நோக்குக. மார்பில் மூன்று இணைக் கால்களோடு வயிற்றுப் பகுதியிலும் தசைக்கால்கள் இருப்பின் அது அந்துப்பூச்சியின் புழு எனக் கொள்ளலாம். சுரங்க வாழ்க்கையில் அக்கால்கள் மிகச் சிறுத்துப் போவதும் உண்டு. எனவே பொறுமையாக நோக்குதல் வேண்டும். ‘எலாகிஸ்டா’ என்னும் அந்துப்பூச்சி இனத்துப் புழுக்கள் பெரும்பாலும் புல்லிலும் கோரையிலுமே வாழ்பவை. ஐரோப்பியப் புல்வெளிகளில் இவை மிகுதி. இவற்றுள் பல, வளர்ந்தபின் சுரங்கத்தை விட்டு வெளிவந்து, இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகின்றன.

தலை தெளிவாக இருந்து, மார்பில் சிறு கால்கள் மட்டும் காணப்பட்டு, வயிற்றில் கால்கள் இல்லாமல் உடல் தட்டையாக இருப்பின் அது வண்டின் புழு. நெல்லிலையில் காணும் முள்வண்டின் புழு இவ்வகையினது.

எச்சம் கூறும் செய்தி

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு எச்சம் என்றதும் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வரும். அவ்வெச்சங்கள் தம்மை முடிக்கும் சொல்லை நாடி நிற்கின்றன. ஈண்டு நாம் கூறுவது புழுவின் கழிவாகிய எச்சம். இதுவும் நமக்கு ஒரு முடிவைக் காட்டித் தருவதே.

சுரங்கத்தை ஒளிக்கு நேரே பிடித்தால் உள்ளே கருந்துகள்கள் தெரியும். ஈயின் புழுக்களுள் பல, ஒருக்களித்துப் படுத்து உண்டு, அவ்வப்போது மறுபுறம் திரும்பும் இயல்பின. ஆதலின் எச்சம் ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமுமாக, இரு வரிசையாய் அமைவதுண்டு. அந்துப்பூச்சியின் புழுவோ பெரும்பாலும் நடுவே ஒற்றை வரிசையாக எச்சமிட்டுச் செல்லும். இவை எப்போதும் பொய்க்காத விதிகள் அல்ல. ஆயினும் தலை, கால் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது நல்ல துணைச்சான்றுகளாகின்றன.

கூட்டுப்புழுவும் ஒரு சான்று. ஈயின் கூட்டுப்புழு தன் பழைய தோலையே கடினமாக்கிக்கொண்டு, சிறு நெல்மணி போல் உருண்டு திரண்டிருக்கும். சில இனங்கள் சுரங்கத்துக்குள்ளேயே தங்கும். சில மண்ணில் விழும். முள்வண்டு சுரங்கத்துக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, முழு வண்டாகவே வெளிவரும்.

நெல்லின் முள்வண்டு

மாணவர் கொணர்ந்த இலைக்குள் இருந்தது இம்முள்வண்டின் புழுவே. இதன் அறிவியற்பெயர் ‘டிக்லாடிஸ்பா ஆர்மிஜெரா’. ஒலிவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1808ஆம் ஆண்டில் இதனைப் பெயரிட்டு விளக்கினார். ஆர்மிஜெரா எனில் இலத்தீன் மொழியில் ஆயுதம் தாங்கியது என்பது பொருள். ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள, நீலம் கலந்த கருநிற வண்டு இது. உடலெங்கும் முட்கள் நிமிர்ந்து நிற்பதால் பெயர் பொருத்தமாயிற்று. வடகிழக்கு இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் இது நெற்பயிருக்குப் பெருங்கேடு விளைத்த காலங்கள் உண்டு.

தாய்வண்டு, இலையின் நுனியை ஒட்டி முட்டைகளைத் தனித்தனியே தோலுக்கடியில் செருகி வைக்கும். நான்கைந்து நாள்களில் வெளிப்படும் வெளிர்மஞ்சள் நிறப் புழு நேரே இலைக்குள் புகுந்து உண்ணத் தொடங்கும். ஏறத்தாழ ஏழு முதல் பன்னிரண்டு நாள்களில் முழு வளர்ச்சி பெறும். பின்னர்க் கூட்டுப்புழுப் பருவம் நான்கைந்து நாள்கள்.

வண்டும் புழுவும் செய்யும் சேதங்கள் வேறுவேறானவை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். வண்டு இலையின் மேற்பரப்பில் அமர்ந்து பச்சையத்தைச் சுரண்டும். கீழ்த்தோல் மட்டும் எஞ்சி, நடுநரம்புக்கு இணையான வெண்கோடுகள் தோன்றும். புழு உண்டாக்குவதோ ஒழுங்கற்ற வெளிறிய திட்டு. திட்டின்மேல் விரலை மெல்ல ஓட்டினால் உள்ளே சிறு புடைப்புத் தட்டுப்படும். கோடும் திட்டும் ஒரே வயலில் சேர்ந்து காணப்படின் முள்வண்டு என ஐயமின்றிக் கூறலாம்.

போலிகள்

ஒன்றைப்போல் தோன்றும் பிறவற்றை விலக்கினாலன்றி இனங்காணல் நிறைவுறாது. நெல்வயலில் சுரங்கத்தோடு மயங்கத்தக்கவை மூன்று.

ஒன்று, இலைச்சுருட்டுப் புழு. இது இலையை நீளவாக்கில் மடித்து, நூலிழையால் பிணைத்து, அக்குழலின் உட்புறமிருந்து பச்சையத்தைச் சுரண்டும். குழலைப் பிரித்தால் புழு வெளியே வந்து விழும். இது இலையின்மேல் வாழ்வதே அன்றி இலைக்குள் வாழ்வதன்று. சுரண்டிய இடத்தில் ஒரே தோல் எஞ்சியிருக்கும். சுரங்கத்திலோ இரு தோல்களும் இருக்கும். ஊசியால் தோலை உரித்துப் பார்த்தால் இவ்வேறுபாடு உடனே விளங்கும்.

இரண்டு, கூண்டுப்புழு. கூட்டுப்புழுவோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது. இலைநுனியை வெட்டிக் குழல்போல் சுருட்டி, அதனுள் வாழும் அந்துப்பூச்சியின் புழு இது. தேங்கிய நீரில் இக்கூண்டுகள் மிதப்பதைக் காணலாம். இது சுரண்டிய இலையில் ஏணிப்படி போன்ற அடையாளம் தோன்றும்.

மூன்று, குருத்தைத் தின்னும் ‘ஹைட்ரெல்லியா’ என்னும் சிறு ஈயின் புழு. விரியாத குருத்துக்குள் இருந்து இலையின் ஓரத்தை அது உண்ணும். பின்னர் இலை விரியும்போது ஓரங்களில் வெளிறிய திட்டுகளும் துளைகளும் காணப்படும். நாம் சேதத்தைக் காணும்போது புழு அவ்விலையில் இராது. நீர் நிற்கும் இளநடவு வயலையே இவ்வீ நாடும். பயிர் வளர்ந்தபின் சேதம் பெரும்பாலும் தானே ஈடுசெய்யப்படும். இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு ஈ, கலிபோர்னியா, ஜப்பான் முதலிய இடங்களில் நீரின்மேல் படிந்து கிடக்கும் நெல்லிலைகளில் உண்மையான சுரங்கத்தையே அகழ்கின்றது. உறவினர் இருவர் இரு தொழில் செய்வது போன்றது இது.

வளர்த்துப் பார்த்தல்

புழுவை மட்டும் கொண்டு இனத்தை முற்ற உறுதிசெய்ய இயலாத இடங்கள் பல. அங்கே ஒரே வழி, பூச்சி வெளிவரும் வரை காத்திருத்தல். சுரங்கமுள்ள இலைகளைச் சற்றே ஈரமான தாளோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் மிகின் பூஞ்சை பிடிக்கும். குறையின் இலை உலரும். இலை எடுத்த நாள், இடம், பயிரின் வயது ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் புட்டியில் ஒட்டுதல் இன்றியமையாதது. சீட்டில்லாத புட்டி, காலமும் ஆசிரியர் பெயரும் அறியா ஏட்டுச்சுவடி போன்றதே.

மாணவரின் இலைகளுள் ஆறு திட்டுகளை இவ்வாறு வைத்தோம். நான்கிலிருந்து முள்வண்டுகள் வெளிவந்தன. எஞ்சிய இரண்டிலிருந்து வந்தவை வண்டுகள் அல்ல. கடுகினும் சிறிய குளவிகள். முள்வண்டின் முட்டையிலும் புழுவிலும் தம் முட்டையை இட்டு, அவற்றை உள்ளிருந்தே அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளன. உழவர் கூலி கொடுக்காமலே அவர் வயலில் உழைத்த காவலர் அவை. மாணவரின் தந்தையார் அவற்றை லென்சின் வழியே நெடுநேரம் பார்த்தார். “இதையும் சேர்த்தல்லவா அழிக்க இருந்தோம்” என்பதே அவர் கூறியது. அப்போகத்தில் அந்த மருந்துப் புட்டி திறக்கப்படவில்லை. திட்டு விழுந்த இலைநுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினர். புதிய இலைகள் விரியப் பயிர் தேறிற்று. அடுத்த போகத்தில் நடவுக்கு முன்பே நாற்றின் நுனியைக் கிள்ளி, அதிலிருக்கும் முட்டைகளை அகற்றிவிடும் பழைய முறையையும் கைக்கொண்டனர்.

பிழையறிதலால் விளையும் கேடு

மேலே பட்டு நிற்கும் நஞ்சு, இரு தோல்களுக்கிடையே இருக்கும் புழுவை எளிதில் அடைவதில்லை. இலைமேல் உலவும் சிலந்தியையும் குளவியையும் முதலில் கொல்கின்றது. காவலர் மடிந்தபின் பகைவர் பெருகுவர். இந்தோனேசியாவில் நிகழ்ந்தது இதுவே. மிகையான தெளிப்பினால் இயற்கைப் பகைவர்கள் அழிய, புகையான் என்னும் தத்துப்பூச்சி வயல்களைச் சூறையாடியது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

இலைச்சேதம் கண்ணைப் பறிப்பது. ஆனால் இளம்பயிரின் இலைச்சேதம் அனைத்தும் விளைச்சல் இழப்பாக முடிவதில்லை. வியட்நாமில் லாங் ஆன் மாநில உழவர்களிடையே 1994ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் நடைபெற்றது. விதைத்த முதல் 40 நாள்களில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து தெளிக்க வேண்டா என்பதே அதன் வேண்டுகோள். உழவர்கள் தம் வயலிலேயே சோதித்து அறிந்தனர். தெளிப்பு பெரிதும் குறைந்தது. இதனால் மருந்தே வேண்டா என்பது நம் கருத்தன்று. சேதம் எல்லை மீறும்போது வேளாண்மை அலுவலரின் அறிவுரைப்படி உரிய மருந்தை உரிய அளவில் பயன்படுத்தலாம். எப்பூச்சி என அறியாமல் தெளித்தல் கூடாது என்பதே நாம் வற்புறுத்துவது.

முடிவுரை

திருக்குர்ஆனின் அத்தியாயங்களுள் தேனீயின் பெயரால் ஒன்றும், எறும்பின் பெயரால் ஒன்றும், சிலந்தியின் பெயரால் ஒன்றும் அமைந்துள்ளன. சிற்றுயிர் என்பதால் எதுவும் சிந்தனைக்கு அப்பாற்பட்டதன்று என்பதை இது உணர்த்துகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவைச் சேர்ந்த அறிஞர் அல்ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலை இயற்றியதும் இம்மனப்பாங்கினாலேயாகும்.

புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. முற்கால நபி ஒருவரை எறும்பொன்று கடித்தது. அவர் அவ்வெறும்புக் கூட்டத்தையே எரிக்கச் செய்தார். கடித்த எறும்பு ஒன்றாயிருக்க, இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்தது தகுமோ என இறைவன் அவருக்கு உணர்த்தினான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு எடுத்துரைத்த இச்செய்தி, மருந்து தெளிக்கும் விசையைக் கையிலேந்தி வரப்பில் நிற்கும் ஒவ்வோர் உழவரும் நினைக்கத்தக்கது. நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருந்தென வள்ளுவர் வகுத்த முறையும் இதுவே.

வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் ஓர் லென்சை உடன் கொண்டு செல்க. வரப்பில் நின்று, வெளிறிய இலை ஒன்றைக் கொய்து, ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்க. உள்ளே யார் இருக்கிறார் என்று அறிந்தபின், தத்தம் பெற்றோரிடம் சொல்க. கல்லூரியில் கற்ற கல்வி வயலுக்குத் திரும்பும் வழிகளுள் அதுவும் ஒன்றாகும்.